ஆங்கிலப் படிவத்தில் ‘இஷ்யூ’ என்று வந்தால் என்ன எழுதுவது?

என் தம்பி இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது முதல் தடவை விசா நிராகரிக்கப்பட்டது. காசு இருந்தது. ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறும் பல்கலைக்கழக அனுமதியும் இருந்தன. வங்கிக் கடிதத்தில் இருந்த இரண்டு திகதிகளில் எதைக் கணக்கில் எடுப்பார்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. கடிதம் வழங்கப்பட்ட திகதி, அதாவது ‘டேட் ஒஃப் இஷ்யூ’, புதிதாக இருந்தால் போதும் என்று நம்பினோம். விசாக் கட்டணம் போனது. செப்டெம்பரில் தொடங்க வேண்டிய படிப்பு ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

அதே வருடம் பெரியம்மாவின் காணி விடயத்தில் அதே ‘இஷ்யூ’ வேறொரு பொருளில் வந்து, ஒரு பிள்ளையின் பங்கையே இல்லாமலாக்கப் பார்த்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஆங்கிலப் படிவம் வந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அப்படிப் பார்த்த படிவங்களில் மிக அதிகமாகப் பிழை விழுந்த சொல் இது. முதல் தடவை வெளிநாட்டு விண்ணப்பம் நிரப்பும் ஒருவர் பக்கத்தில் ஆள் இல்லாமலே நிரப்பக்கூடிய விதமாக எழுதியிருக்கிறேன்.

1. ‘பிரச்சினை’ என்ற பொருளை முதலில் ஒதுக்கி வையுங்கள்

நமக்குப் பழகிய பொருள் அதுதான். “ஒரு இஷ்யூவும் இல்லை மச்சான்” என்று தினமும் பேசுகிறோம். அதனால் படிவத்தில் இந்தச் சொல்லைக் கண்டவுடன் மனம் அங்கேதான் போகும். சாய்ந்தமருதில் இருந்து மகளின் படிவத்தோடு வந்த ஒரு ராத்தா, வழங்கிய திகதி கேட்ட இரண்டு கட்டங்களிலும் ஆங்கிலத்தில் ‘நில்’, அதாவது ‘இல்லை’, என்று எழுதியிருந்தார். “எங்களுக்குப் பிரச்சினை ஒண்டும் இல்லத்தானே புள்ள, அதான்” என்றார். அவர் பிழையாக யோசிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த பொருளை வைத்துச் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்.

இந்தச் சொல்லின் எல்லாப் பொருளுக்கும் அடியில் ‘வெளியே வருதல்’ என்ற ஒரு கருத்து இருக்கிறது. அலுவலகத்தில் இருந்து பத்திரம் வெளியே வந்தால் அது இஷ்யூ: வழங்குதல். அச்சகத்தில் இருந்து சஞ்சிகை வெளியே வந்தால் அதுவும் இஷ்யூ: இதழ். பெற்றோரிடம் இருந்து வரும் பிள்ளைகளும் சட்ட மொழியில் இஷ்யூ. பேச்சில் கிளம்பி வரும் கேள்வி அல்லது சிக்கலும் இஷ்யூ. நமக்கு இந்தக் கடைசிப் பொருள் மட்டும்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

எந்தப் பொருள் என்பதைப் பக்கத்துச் சொல் காட்டிக் கொடுக்கும். ‘டேட்’, ‘பிளேஸ்’, ‘கன்ட்ரி’, ‘ஒதோரிட்டி’ ஆகியவற்றில் ஒன்று பக்கத்தில் இருந்தால் அது வழங்குதல். ‘இஷ்யூட் பை’ என்றால் வழங்கியவர் யார் என்று கேட்கிறார்கள். ‘ஹெல்த்’, ‘லீகல்’, ‘ஃபினான்ஷியல்’ போன்ற சொற்களோடு வந்தால் பிரச்சினை. காணி உறுதியிலோ வழக்குப் பத்திரத்திலோ ‘வித்அவுட் இஷ்யூ’ என்று வந்தால் பிள்ளைகள். ‘லேட்டஸ்ட் இஷ்யூ’ என்றால் சஞ்சிகையின் புதிய இதழ்.

நமது அரசாங்கப் படிவமாக இருந்தால் இன்னும் இலகு. பெரும்பாலும் மும்மொழியில் இருக்கும். ஆங்கில வரிக்குப் பக்கத்தில் ‘வழங்கப்பட்ட திகதி’ என்று தமிழில் போட்டிருப்பார்கள். தனி ஆங்கிலத்தில் வரும் வெளிநாட்டுப் படிவங்களில்தான் தடுமாற்றம்.

2. பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்

ஞாபகத்தில் இருந்து எழுதாதீர்கள். அனுப்பிய போட்டோக்கொப்பியைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தும் எழுதாதீர்கள். மூலப் பத்திரத்தை மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் வழங்கிய திகதி வேறு வேறு இடத்தில் இருக்கும்.

கடவுச்சீட்டு: படம் உள்ள பக்கத்திலேயே வழங்கிய திகதியும் முடிவுத் திகதியும் இருக்கும். பழைய கடவுச்சீட்டையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பவர்கள் கவனம். முன்பு பயணம் செய்த விபரம் கேட்கும் இடத்தில் பழையதைப் பார்க்கலாம். ‘கரன்ட் பாஸ்போர்ட்’ என்று கேட்டால் புதியதை மட்டும் பாருங்கள். இலக்கம் புதியதில் இருந்தும் திகதி பழையதில் இருந்தும் எழுதப்பட்ட ஒரு படிவத்தை நானே திருத்தியிருக்கிறேன்.

தேசிய அடையாள அட்டை: அட்டையைத் திருப்பிப் பாருங்கள், வழங்கிய திகதி பின்பக்கத்தில் இருக்கும். இங்கே ஒரு குழப்பம் வரும். பழைய அட்டை என்றால் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியது என்றால் 12 இலக்கம். அந்த இலக்கத்துக்குள் உங்கள் பிறந்த வருடமும், அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பதும் ஒளிந்திருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே இலக்கத்தில் உள்ள வருடம் பிறந்த வருடம். அட்டை வழங்கிய வருடம் அல்ல. சிலர் அதை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். உங்கள் அட்டையில் முடிவுத் திகதி அச்சடிக்கப்படவில்லை என்றால், இருக்க வேண்டும் என்று நினைத்து ஒன்றைக் கற்பனை செய்து போடாதீர்கள். பல படிவங்களில் அந்தக் கட்டத்தின் கீழே ‘பொருந்தினால் மட்டும்’ என்று குறித்திருப்பார்கள்.

பிறப்புச் சான்றிதழ்: இதில் மூன்று திகதிகள் வரும். பிறந்த திகதி, பிறப்பைப் பதிந்த திகதி, இந்தப் பிரதியை எழுதிக் கையொப்பமிட்டு முத்திரை வைத்த திகதி. மூன்றாவதுதான் வழங்கிய திகதி. பெரும்பாலும் அடியில், பதிவாளரின் கையொப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும். என் தம்பியின் பிரதி அவன் அடையாள அட்டை எடுத்த காலத்தில் வாங்கியது. மடித்து மடித்து முத்திரை அழிந்து, திகதியில் மாதம் தெரியவில்லை. அப்படி இருந்தால் யோசிக்காமல் புதுப் பிரதி எடுங்கள். மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் பிறந்த பலருடைய பிறப்பு, வீடு எங்கே இருந்தாலும் மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில்தான் பதியப்பட்டிருக்கும். வேறு பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கக்கூடும். உங்கள் பதிவு கணினியில் ஏறியிருக்கிறதா என்று முதலே தொலைபேசியில் கேட்டால் ஒரு பஸ் பயணம் மிச்சம்.

சாரதி அனுமதிப்பத்திரம்: அட்டையில் ‘4ஏ’ என்ற குறிக்குப் பக்கத்தில் வழங்கிய திகதி, ‘4பி’க்குப் பக்கத்தில் முடிவுத் திகதி. வெளிநாட்டில் வாகனக் காப்புறுதிக்காரர்கள் சில வேளை ‘முதன்முதலில் வழங்கிய திகதி’ கேட்பார்கள். அது பின்பக்கத்தில், மோட்டார் சைக்கிள், கார் என்று வகை வகையாகப் போட்ட இடத்தில் இருக்கும். புதுப்பித்த அட்டையின் முன்பக்கத் திகதியைக் கொடுத்தால் பத்து வருடம் வாகனம் ஓடியவர் போன வருடம் பழகியவர் ஆகிவிடுவார். காப்புறுதிக் கட்டணமும் அதற்கேற்ப ஏறும்.

கிராம உத்தியோகத்தர் சான்றிதழ்: கிராம உத்தியோகத்தர் கையொப்பமிட்ட திகதி ஒன்று, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட திகதி இன்னொன்று. மேலொப்பம் இல்லாமல் இந்தச் சான்றிதழ் முழுமையாகாது. ஆகவே நான் எப்போதும் இரண்டாவது திகதியைத்தான் எழுதுகிறேன். இரண்டுக்கும் நடுவில் அதிக நாள் போகவிடாதீர்கள். கிராம உத்தியோகத்தர் எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார், பிரதேச செயலகத்தில் எந்த நாளில் கையொப்பம் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரே நாளில் முடிக்கலாம். கேட்காமல் போனால் “மறுகா வாங்க” என்பார்கள்.

3. ‘எங்கே வழங்கியது’, ‘யார் வழங்கியது’

‘பிளேஸ் ஒஃப் இஷ்யூ’ என்ற கேள்விக்கு நம்மில் பாதிப் பேர் மட்டக்களப்பு என்று எழுதுகிறோம். ‘பிளேஸ் ஒஃப் பேர்த்’ என்ற கட்டத்துக்கும் அதே பதிலை எழுதிப் பழகிய கை அது. பிறந்த இடம் வேறு, வழங்கிய இடம் வேறு. கடவுச்சீட்டைப் பொறுத்தவரை படம் உள்ள பக்கத்தில் ‘ஒதோரிட்டி’ என்ற தலைப்பின் கீழ் என்ன அச்சடித்திருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். நீங்கள் வவுனியாக் கிளைக்குப் போய்க் கொடுத்தீர்களா, பத்தரமுல்லைக்குப் போய் வரிசையில் நின்றீர்களா என்பதெல்லாம் அங்கே தேவையில்லை.

‘இஷ்யூயிங் கன்ட்ரி’ என்றால் நாட்டின் பெயர் மட்டும். ‘இஷ்யூயிங் ஒதோரிட்டி’ என்றால் திணைக்களம் அல்லது அதிகாரி. அடையாள அட்டைக்கு ஆட்பதிவுத் திணைக்களத்தின் ஆங்கிலப் பெயரை எழுத வேண்டும்: ‘டிபார்ட்மென்ட் ஃபோர் ரெஜிஸ்ட்ரேஷன் ஒஃப் பேர்சன்ஸ்’. அட்டையைக் கொண்டு வந்து கையில் தந்தவர் கிராம உத்தியோகத்தர் என்பதற்காக அவருடைய பதவியை எழுதக்கூடாது. அவர் கொண்டு வந்து கொடுத்தவர், வழங்கியது திணைக்களம்.

4. திகதியை எந்த ஒழுங்கில் எழுதுவது

நமது அலுவலகங்கள் வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதும். 2019.04.03 என்றால் ஏப்ரல் 3. இங்கிலாந்துப் படிவம் நாள், மாதம், வருடம் என்று கேட்கும். அமெரிக்காவில் பழக்கம் மாதம், நாள், வருடம். ஒரே 03/04/2019 இங்கிலாந்துக்காரருக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. நாள் 12 ஐத் தாண்டினால் பிழை உடனே தெரியும். 12 க்குள் இருந்தால் கணினிகூடக் கண்டுபிடிக்காது.

கையால் எழுதும் படிவத்தில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். கணினிப் படிவத்தில் கட்டத்துக்கு மேலே உள்ள குறிப்பைப் பாருங்கள்.

அமெரிக்க விசாவுக்கான இணையப் படிவத்தில் இதே சொல் ‘இஷ்யுவன்ஸ்’ என்று கொஞ்சம் உருமாறி வரும், பொருள் ஒன்றுதான். அந்தப் படிவத்தை 20 நிமிடம் தொடாமல் விட்டால் வெளியே தள்ளிவிடும். பத்திரம் தேட அலுமாரிக்குப் போய் வருவதற்குள் நிரப்பியது போய்விடும். ஆரம்பத்தில் காட்டும் விண்ணப்ப இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள், ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன் சேமியுங்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

5. வழங்கிய திகதி வேறு, உள்ளே இருக்கும் திகதி வேறு

எங்களை விழுத்தியது இதுதான். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

இங்கிலாந்து மாணவர் விசாவுக்குப் படிப்புச் செலவும் வாழ்க்கைச் செலவும் கணக்கில் இருப்பதைக் காட்ட வேண்டும். அந்தக் காசு தொடர்ந்து 28 நாட்கள், ஒரு நாளாவது குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாள் முடிகிற திகதி, விண்ணப்பிக்கும் திகதிக்கு முந்திய 31 நாட்களுக்குள் இருக்க வேண்டும்.

அப்பாவின் ஓய்வூதியச் சேமிப்பும் மாமா தந்த காசும் சேர்ந்து ஜூன் 1 ஆம் திகதிக்கு முன்பே கணக்கில் இருந்தன. 28 நாள் காட்டினால் போதும் என்று படித்திருந்ததால், வங்கியிடம் ஜூன் 3 முதல் ஜூன் 30 வரைக்கும் மட்டும் கணக்குக் கூற்றுக் கேட்டோம். பல்கலைக்கழகத்தில் இருந்து வரவேண்டிய உறுதிக் கடிதம் பிந்தியது. அது வரட்டும் என்று காத்திருந்து, ஓகஸ்ட் 5 ஆம் திகதி வங்கிக் கடிதத்தை எடுத்தோம். கடிதத்தின் தலையில் ஓகஸ்ட் 5. ஓகஸ்ட் 8 இல் விண்ணப்பித்தோம். கடிதம் வழங்கி மூன்றே நாள், பிறகென்ன என்று நிம்மதியாக இருந்தோம்.

அதிகாரி கடிதத்தின் தலையைப் பார்க்கவில்லை. உள்ளே கணக்குக் கூற்று எந்த நாளில் முடிகிறது என்று பார்த்தார். ஜூன் 30 க்கும் ஓகஸ்ட் 8 க்கும் நடுவில் 39 நாட்கள். நிராகரிப்பு. காசு அந்த நாட்கள் முழுக்கக் கணக்கிலேயே கிடந்தது. ஓகஸ்ட் 5 வரைக்கும் கூற்றுத் தாருங்கள் என்று கேட்டிருந்தால், கூடுதலாக இரண்டு தாள்தான் அச்சடித்திருப்பார்கள். மருத்துவத்துக்காக முன்கூட்டிக் கட்டிய தொகை திரும்பி வந்தது. விசாக் கட்டணம் வரவில்லை. நிராகரிப்பு மின்னஞ்சலைத் தம்பி வாசித்துக் காட்டியபோது அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போனார். அந்த நாளை நான் மறக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

இதே இரட்டைத் திகதி வேறு பத்திரங்களிலும் உண்டு. ஆங்கிலப் பரீட்சையான ஐஈஎல்டிஎஸ் பெறுபேறு 2 வருடம் செல்லும். பரீட்சை எழுதிய நாளில் இருந்து எண்ணுவார்கள், பெறுபேற்றுத் தாள் கைக்கு வந்த நாளில் இருந்து அல்ல. இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் கொழும்பில் எடுக்கும் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் 6 மாதம் செல்லும். அதன் முடிவுத் திகதியை வாங்கிய உடனே கொப்பியில் எழுதி வையுங்கள். கனடாவுக்குக் குடிவரவு விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு, இப்போது வசிக்கும் நாட்டின் பொலிஸ் சான்றிதழ் விண்ணப்பத்துக்கு முந்திய 6 மாதத்துக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். இந்த ஓர் இடத்தில் எண்ணுவது உண்மையிலேயே வழங்கிய திகதியில் இருந்துதான்.

நான் இப்போது செய்வது இது. ஒரு கொப்பித் தாளில் நாலு நிரல் கீறுகிறேன். பத்திரத்தின் பெயர், உள்ளே இருக்கும் திகதி, வழங்கிய திகதி, எதில் இருந்து எத்தனை நாள் எண்ண வேண்டும். நாலாவது நிரல் நிரம்பாத வரைக்கும் பணம் கட்டும் பக்கத்துக்குப் போவதில்லை.

6. எதை முதலில் எடுப்பது, எவ்வளவு செலவாகும்

காலாவதியாகாதவையும் நெடுநாள் செல்பவையும் முதலில், சீக்கிரம் காலாவதியாகிறவை கடைசியில். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, பரீட்சைச் சான்றிதழ்கள் முதல் மாதத்தில். மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகு. பொலிஸ் சான்றிதழ் கேட்டால் இணையத்தில் விண்ணப்பித்ததும் விசாரணை உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு வரும். சில கிழமைகள் ஒதுக்குங்கள். வங்கிக் கடிதம் எல்லாவற்றிலும் கடைசி, விண்ணப்பிக்கும் கிழமையில்.

கடவுச்சீட்டுக்கு ஒருநாள் சேவையில் தம்பிக்கு நாங்கள் கட்டியது 20,000 ரூபாய். சாதாரண சேவைக்கு அப்போது 10,000. இந்தக் கட்டணங்கள் மாறுகிறவை, போகும் முன் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். மட்டக்களப்பில் இருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலை இறங்கலாம், உதயதேவி ரெயிலில் போனால் ஒரு பகல் போய்விடும். இரண்டு வேலையை ஒரே பயணத்தில் வையுங்கள்.

தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழை ஆங்கிலமாக்கச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். பக்கக் கணக்கில் வாங்குவார்கள், ஆளுக்கு ஆள் மாறும், முதலே விலை பேசிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளரும் தன் கையொப்பத்தின் கீழ் ஒரு திகதி போடுவார். அது மொழிபெயர்த்த திகதி. படிவத்தில் அதை வழங்கிய திகதியாக எழுதாதீர்கள். மூலத்தில் இருக்கும் திகதியை ஆங்கிலத்தில் சரியாக எழுதியிருக்கிறாரா என்று அங்கேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்தால் இன்னொரு நாள் போகும்.

அமெரிக்கப் பயண விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 185 டொலர், நிராகரித்தாலும் திரும்பாது. ஒரு திகதிப் பிழையின் விலையை இதை வைத்தே கணக்குப் போடலாம்.

7. உறுதியிலும் சத்தியக் கடதாசியிலும் வந்தால் அது பிள்ளைகள்

பெரியம்மா மரண சாதனம் எழுதாமல் இறந்தார். கல்லாற்றில் அவருக்கு ஒரு வளவு இருந்தது. அதைப் பங்கிடுவதற்காக ஓர் ஆங்கிலப் பத்திரம் தயாரித்து, சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிட எங்களிடம் தந்தார்கள். அதில் ஒரு வரி: ‘டைட் இன்டெஸ்டேட் அண்ட் வித்அவுட் இஷ்யூ’. அம்மா கேட்டபோது, மரண சாதனம் இல்லாமலும் பிரச்சினை எதுவும் இல்லாமலும் இறந்தார் என்று நான்தான் வாசித்துச் சொன்னேன். தகராறு இல்லாத காணி என்று சொல்கிறார்களாக்கும் என்று எல்லோரும் தலையாட்டினோம்.

அந்த வரி சொன்னது, பெரியம்மா சந்ததி இல்லாமல் இறந்தார் என்று. பெரியம்மாவுக்கு ஒரே மகள், எனக்கு அக்கா முறை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அவர் போய்விட்டார். ஆனால் அவருடைய மகன் இருக்கிறான். பத்திரம் எழுதியவர் ‘மகள் இறந்துவிட்டார்’ என்று கேட்டதோடு பிள்ளை இல்லை என்று முடித்துவிட்டார். சட்டத்தில் இந்தச் சொல் மகன், மகளோடு நிற்காது. பேரப்பிள்ளைகளும் அதில் அடங்குவார்கள். தாய் இறந்திருந்தால் தாயின் இடத்தில் நின்று பேரப்பிள்ளை பங்கைப் பெறுவார். நாங்கள் கையொப்பமிட்டிருந்தால், தாயை அலை கொண்டுபோன பிள்ளைக்கு அவனுடைய அம்மம்மாவின் வளவும் இல்லையென்று நாங்களே சத்தியம் செய்து கொடுத்தவர்களாகியிருப்போம்.

கையொப்பமிடும் நாளுக்கு முதல் நாள் வேறொரு விடயமாகச் சட்டத்தரணி ஒருவரிடம் போனபோது அந்தத் தாளையும் காட்டினேன். முதல் கேள்வியே “பேரப்பிள்ளை இருக்கிறாரா?” என்பதுதான். பத்திரம் திருத்தி எழுதப்பட்டது.

ஆகவே சட்டப் பத்திரத்தில் மூன்று சொற்றொடர்களைக் கண்டால் பேனாவைக் கீழே வையுங்கள். ‘வித்அவுட் இஷ்யூ’, ‘இஷ்யூலெஸ்’ இரண்டும் சந்ததி இல்லை என்பவை. ‘இஷ்யூ ஒஃப் த மேரேஜ்’ என்றால் அந்தத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகள். வேறு திருமணத்தில் பிறந்த பிள்ளை அந்த வரிக்குள் வரமாட்டார். இறந்த பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள், வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் ஒரு தாளில் எழுதி, நொத்தாரிசிடம் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் ஆலோசனைக் கட்டணத்தைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். பிறகு வழக்குப் பேசும் செலவு அதைப்போல் பல மடங்கு.

வழக்கு என்று வந்துவிட்டால் அங்கேயும் இந்தச் சொல் உண்டு. நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்விகளை இஷ்யூஸ் என்பார்கள். அதைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார்.

8. நீங்களே கடிதம் எழுதும்போது

வங்கியிடமோ பாடசாலையிடமோ ஒரு கடிதம் கேட்க இந்தச் சொல் நல்ல உதவி. ‘கைண்ட்லி இஷ்யூ மீ எ லெட்டர்’ என்று தொடங்கினால் போதும். அதோடு எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரைக்கும் என்று கட்டாயம் எழுதுங்கள். வங்கி உத்தியோகத்தர் நாம் கேட்டதைத்தான் தருவார்.

ஒரு சின்ன எழுத்து பொருளையே மாற்றிவிடும். ‘இஷ்யூட் வித் எ பாஸ்போர்ட்’ என்றால் கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. ‘இஷ்யூ வித் மை பாஸ்போர்ட்’ என்றால் கடவுச்சீட்டில் ஏதோ சிக்கல். ‘டேக் இஷ்யூ வித்’ என்றால் ஒருவர் சொன்னதை ஏற்காமல் மறுப்பது. அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் தெரியாமல் போட்டுவிடாதீர்கள்.

பல்கலைக்கழகத்துக்குத் தம்பி முதலில் எழுதிய மின்னஞ்சலில் ‘சம் இஷ்யூஸ் வித் மை டொக்குமென்ட்ஸ்’ என்று எழுதியிருந்தான். பத்திரங்கள் வரப் பிந்துகின்றன என்பதுதான் அவன் சொல்ல வந்தது. அவர்கள் பத்திரங்கள் போலியோ என்று நினைத்தது போல, ஒவ்வொன்றாக மூலப் பிரதி கேட்டு எழுதத் தொடங்கினார்கள். அதற்கே பத்து நாள் போனது. பிந்துகிறது என்றால் ‘டிலேய்ட்’ என்று எழுதுங்கள். இன்னும் கிடைக்கவில்லை என்றால் ‘நொட் யெட் ரிசீவ்ட்’. பிழை திருத்தப்படுகிறது என்றால் என்ன பிழை, எந்த அலுவலகத்தில், எப்போது முடியும் என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

இரண்டாம் தடவை விண்ணப்பித்தபோது முந்திய நிராகரிப்பைப் பற்றிக் கேட்ட இடத்தில் அவன் மறைக்காமல் நாலு வரி எழுதினான்: கணக்குக் கூற்று முடிந்த திகதி, விண்ணப்பித்த திகதி, நடுவில் போன நாட்கள், இப்போது இணைத்திருக்கும் கூற்று முடிகிற திகதி. ‘இஷ்யூ’ என்ற சொல்லைக் கடிதத் திகதிக்கு மட்டும் பயன்படுத்தினான். மூன்றாவது கிழமையில் விசா வந்தது.